இருநூற்று எழுபத்து நான்கு பூஜ்யங்கள்

அப்பா இறந்து ஐம்பது நாள் ஆகிறது. படத்திறப்பு அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கினேன். "எல்லாரும் சாப்புட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அவர் பெயர் இளையபெருமாள். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டி ஆற்றிலிருந்து எங்கள் வாய்க்கால் பிரியும் தலைமதகில் லஸ்கராக இருந்தார். லஸ்கர் என்றால் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குபவர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதி, பிரிவு அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். இதை அவர் முப்பத்தோரு வருடம் செய்தார்.

கல்யாணத்தன்றும் காலை அளவை எடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. மாப்பிள்ளை ஓடிப்போகப் பார்த்து ஆற்றில் விழுந்துவிட்டார் என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா அதை ஒருநாளும் மறுக்கவில்லை. "ஓடத்தான் பாத்தாரு. தண்ணி ஜாஸ்தி, திரும்பிட்டாரு" என்பார்.

எங்கள் தாத்தா பண்ணையாள். இன்னொருவருடைய வயலுக்காக அதே மதகில் தண்ணீர் கேட்டு நின்றவர். எப்போது திறப்பார்கள் என்று கரையில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் அவர் வேலை. அவர் மகன் கைக்கு அந்த ஷட்டரின் சாவி வந்தது. அப்பா அதை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். அதனால் இடுப்பில் ஒரு துருக்கறை நிரந்தரமாக இருந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மனு எழுதுவார். தெருவிளக்கு எரியவில்லை, பஸ் நிற்கவில்லை, ரேஷன் கடைத் தராசு ஆடுகிறது என்று ஊரில் யாருக்கு என்ன குறையென்றாலும் அப்பாதான் எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை பிசகாது. கீழே நகல்கள். மனுவின் பலம் எழுத்தில் இல்லை, நகல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. எங்கள் தெருக் குழாய்க்கு ஒரு வாஷர் வேண்டும் என்ற மனுவுக்குப் பதினோரு நகல். அதில் ஒன்று டெல்லிக்குப் போனது.

2017-இல் ஆறு காய்ந்தது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அளவுகோலின் அடியில் மணல்தான். அப்பா காலையில் போய்ப் பார்த்துப் பூஜ்யம் எழுதினார். மாலையில் போய்ப் பார்த்துப் பூஜ்யம் எழுதினார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் முடிந்தன. சோம்பல் பட்டு ஒருநாளும் கோடு இழுத்து 'மேற்படி' என்று போடவில்லை. ஒவ்வொரு பூஜ்யத்தையும் வட்டமாக, முழுசாக எழுதினார்.

மே மாதம் புதிய உதவிப் பொறியாளர் வந்தார். இர்பான். அய்யம்பேட்டைக்காரர். குவைத்தில் கடை வைத்திருந்தவரின் மகன். படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவர், முதல் வேலை, என் வயது. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் பொறியாளருக்கு வேலை குறைவு. பதிவேடுகளைப் படித்தார். எங்கள் மதகின் பதிவேட்டுக்கு வந்தபோது அவருக்குச் சந்தேகம் வந்தது. அளவு என்றால் ஏறி இறங்க வேண்டும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மையும் ஒன்று, எழுத்தும் ஒன்று.

ஒரு நாள் காலை சரியாக ஆறு மணிக்கு அவர் அப்பாவுக்குப் போன் செய்தார்.

"இளையபெருமாள், எங்க இருக்கீங்க?"

"அளவுகோல்கிட்ட சார்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"ஆத்துல குக்கரா?"

"பாலத்தடி இட்லிக்கடை சார். சுண்டல் வேகுது."

"காலைல ஆறு மணிக்கா?"

"கொண்டக்கடலை சார். நேரமாவும்."

ஜூன் பத்தொன்பதாம் தேதி மெமோ வந்தது. பதினேழாம் தேதிவரை 137 நாட்களில் எழுதப்பட்ட 274 அளவுகளும் பூஜ்யமாகவே இருப்பதால், நேரில் செல்லாமல் வீட்டிலிருந்தே எழுதியதாக ஏன் கருதக் கூடாது? ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். திருப்தியளிக்காவிட்டால் தற்காலிகப் பணிநீக்கம். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம் இருந்தது. பணிநீக்கம் என்றால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வர வேண்டும்.

நான் அப்போது புனேயில் முனைவர் பட்ட மாணவி. அம்மா போன் செய்தார்.

"ஒங்கப்பாவுக்கு மெமோ வந்துருக்கு. மத்தியானத்துலேருந்து சாப்புடல."

"என்னவாம்?"

"தண்ணி இல்லாத ஆத்துக்குத் தண்ணி இல்லன்னு எழுதுனாராம். அது குத்தமாம்."

"போனை அப்பாகிட்ட குடுங்கம்மா."

"அவரு எங்க இருக்காரு. மணி ஆறு. ஆத்துக்குப் போயிட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. காரணம் சொல்கிறேன்.

கடல் ஏறி இறங்குவது நிலவின் இழுப்பால். நிலவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாகத்தை நிலவு கூடுதலாக இழுக்கும், தூரத்தில் இருப்பதைக் குறைவாக இழுக்கும். அதனால் பூமி கொஞ்சம் நீளவாக்கில் புடைக்கும். நீர் புடைப்பது தெரிகிறது, தரை புடைப்பது தெரிவதில்லை. வானத்தில் நியூட்ரான் விண்மீன் என்று ஒன்று இருக்கிறது. குறுக்களவு தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வரைதான், ஆனால் எடை சூரியனைவிட அதிகம். அப்படி இரண்டு ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதும். மோதுவதற்கு முந்தைய கடைசிச் சில சுற்றுகளில் ஒன்று மற்றொன்றை இழுத்துப் புடைக்க வைக்கும். அந்தப் புடைப்பால் மோதல் ஒரு துளி முன்னதாக நடந்துவிடும். அங்கிருந்து வரும் ஈர்ப்பலையில் அந்த ஒரு துளி அவசரம் பதிந்திருக்கும். அதை அளந்தால் விண்மீன் எவ்வளவு கெட்டி என்று சொல்லலாம்.

கருந்துளை அப்படியில்லை. எவ்வளவு இழுத்தாலும் புடைக்காது. அதற்கான எண், ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி, பூஜ்யம். கிட்டத்தட்டப் பூஜ்யம் இல்லை, பூஜ்யம். ஆகவே வந்த அலை நியூட்ரான் விண்மீனுடையதா கருந்துளையுடையதா என்று தெரிய வேண்டுமானால் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதில்தான் வில்லங்கம். அலை மிக மெலிதாக வந்தால், புடைப்பு இருந்தாலும் கண்ணில் படாது. அப்போதும் நான் பூஜ்யம் என்றுதான் எழுதுவேன். புடைப்பு இல்லை என்பதும், பார்க்கத் துப்பில்லை என்பதும் காகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அதுவரை நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை எதுவும் பூமிக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட்டில்தான் வந்தது. நான் கணினியில் போலி அலைகளைச் செய்து அளந்துகொண்டிருந்தேன். ஆறு மாதமாக, கருந்துளை அலைகளை அளந்து, பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது.

அன்றிரவே விளக்கக் கடிதத்துக்கு மூன்று பத்தி எழுதி அனுப்பினேன். முதல் பத்தி, பூஜ்யமும் ஓர் அளவுதான் என்பது. இரண்டாவது, கருந்துளை. மூன்றாவது பத்தியில், எங்கள் துறையில் அளப்பவர் விழிப்போடு இருக்கிறாரா என்று சோதிக்க ஒரு வழி உண்டு என்று எழுதினேன். மேலிடத்தில் இரண்டு மூன்று பேர் மட்டும் கூடி, யாருக்கும் சொல்லாமல், கருவிக்குள் ஒரு போலி அலையைச் செலுத்திவிடுவார்கள். அளப்பவர் கண்டுபிடித்தால் அவருடைய பழைய பூஜ்யங்களையும் நம்பலாம். அந்தப் பத்தியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

அப்பா மூன்று பத்தியையும் ஓர் எழுத்து விடாமல் சேர்த்துக்கொண்டார். பார்வை ஒன்று, தங்கள் மெமோ. பார்வை இரண்டு, என் மகள் சுடர்விழியின் ஆய்வு. கடைசியில் தன் கைச்சரக்காக ஒரு வாக்கியம்: "என் மகளும் இதேபோல் ஆறு மாதமாகப் பூஜ்யம் எழுதி வருகிறார் என்பதையும், அவர் வேலைக்குச் செல்கிறாரா என்று எவரும் இதுவரை கேட்கவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கீழே நகல்கள். முதலமைச்சர் தனிப்பிரிவு. மாவட்ட ஆட்சியர். கண்காணிப்புப் பொறியாளர். நான்காவதாக எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், புனே. பார்வையில் ஒருவர் பெயரைச் சொன்னால் அவருடைய மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். அது முறை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினார்.

நாலு நாள் கழித்து இயக்குநரின் செயலாளர் என் மேசைக்கு வந்தார். கையில் பழுப்பு உறை. நாலு பக்கமும் தமிழ். அசோகச் சக்கர முத்திரைபோல ஒரு லஸ்கரின் ரப்பர் ஸ்டாம்ப். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதை மொழிபெயர்த்து வாசிக்கும்படி இயக்குநர் சொன்னார். வாசித்தேன். கைச்சரக்கு வாக்கியத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். "மேலே படி" என்றார்கள். படித்தேன். கூட்டத்தில் இருந்த பதினெட்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நியாயமான கேள்வி என்றார் இயக்குநர். பிறகு அப்பாவுக்கு நிறுவனத்தின் தலைப்புத் தாளில் ஆங்கிலத்தில் பதில் போட்டார்: தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது. அப்பா வாழ்நாளில் அனுப்பிய நூற்றுக்கணக்கான நகல்களில் பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான். லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்.

விசாரணை ஜூன் கடைசியில் நடந்தது. இர்பான், அப்பா, கடிதத்தை வாசிக்க அலுவலக உதவியாளர் மதிவதனி அக்கா. அக்கா இருபது வருடமாகக் காலையும் மாலையும் அப்பாவின் போனை எடுத்து அளவைக் குறித்துக்கொள்பவர். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

இரண்டாம் பத்தியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. புடைப்பின் அளவை நான் 'ஓதத் திரிபு எண்' என்று எழுதியிருந்தேன். ஓதம் என்றால் கடலின் ஏற்ற இறக்கம்.

"சார், இதுல என்னமோ ஓதுறதப் பத்திப் போட்ருக்கு. நீங்களே படிச்சுக்குறீங்களா?"

இர்பான் வாங்கிப் படித்தார். நிமிர்ந்தார்.

"இளையபெருமாள், கருந்துளைக்கும் குடமுருட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ரெண்டுலயும் சைபர் சார்."

"புரியல."

"ரெண்டு நட்சத்திரம் பக்கத்துப் பக்கத்துல சுத்துது சார். இது அத இழுக்குது, அது இத இழுக்குது. ரெண்டும் மழையில நனஞ்ச நெல்லு மூட்ட மாதிரி உப்பிப் போவுது. கருந்துளைன்னு ஒண்ணு. அது மட்டும் உப்பாது. எத்தன வருசம் இழுத்தாலும் சைபர்."

"யாரு பாத்தா?"

"எம் மவ."

"நேர்ல போயா?"

"இதயேதான் சார் நீங்க என்னயும் கேட்டுருக்கீங்க."

மதிவதனி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இர்பான் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியில் இருந்திருந்தால் நானும் சிரித்திருக்கமாட்டேன்.

"ஆறு காஞ்சு கெடக்குறது ஊருக்கே தெரியும். வீட்டு வாசல்ல நின்னாலே தெரியுது. நீங்க தெனம் ரெண்டு தடவ எறங்கிப் போய்ப் பாத்தீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"வீட்டு வாசல்ல நின்னு எழுதுனா அது அபிப்ராயம் சார். அந்தப் பதிவேட்டுல அபிப்ராயத்துக்குக் கட்டமில்ல."

இர்பான் மூன்றாம் பத்தியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முடிவு ஒரு வாரத்தில் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா எனக்குப் போன் செய்தார். "மூணாவது பத்தி அவருக்கு ரொம்பப் புடிச்சுருச்சு பாப்பா. அத மட்டும் ரெண்டு தடவ படிச்சாரு."

அடுத்ததை இர்பான் சாரே என்னிடம் சொன்னார், படத்திறப்பு அன்று, பந்தியில் உட்கார்ந்து. சாம்பார் ஆறும்வரை சொன்னார்.

அளவுகோல் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டுத் தளம் உண்டு. பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். தண்ணீர் லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். தளத்தைச் சுற்றி மணலை அணைத்துவிட்டு ஊற்றினால் இருபது சென்டிமீட்டர் நிற்கும். யாருக்கும் சொல்லக் கூடாது, மதிவதனிக்கும் கூடாது. சொந்தச் செலவில் ஒரு தனியார் லாரியைப் பேசினார். ஓட்டுநர் பெயர் செம்மொழி. எங்கே ஊற்ற வேண்டும் என்று கேட்டபோது ஆற்றில் என்றார். செம்மொழி மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாராம்.

ஜூலை மூன்றாம் தேதி, விடிகாலை ஐந்தேகால். லாரி ஆற்றுக்குள் இறங்கித் தளத்தில் தண்ணீரை ஊற்றியது. இர்பான் நின்று பார்த்தார். அளவுகோலில் பத்தொன்பது. கணக்கு சரி என்று நிம்மதியாக அறைக்குத் திரும்பினார். வீட்டிலிருந்து எழுதுபவர் பூஜ்யம் என்பார். நேரில் வந்தவர் பத்தொன்பது என்பார். எங்கள் துறையில் செய்வது போலவே கச்சிதமான சோதனை.

தளத்தில் விரிசல் இருந்தது. கீழே ஐந்து மாதம் வெயிலில் காய்ந்த மணல். அரை மணி நேரத்தில் பன்னிரண்டாயிரம் லிட்டரையும் ஆறு குடித்துவிட்டது.

ஆறு மணிக்கு மதிவதனி அக்காவுக்குப் போன். "சைபர்." அக்கா அதை இர்பானுக்குச் சொன்னார். இர்பான் இரண்டாவது முறை கேட்டார். சைபர்தான். அவருக்குச் சந்தோஷமாக இல்லையாம். ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து பணிநீக்க ஆணையைத் தட்டத் தொடங்கினார்.

ஆறு மணிக்கு அப்பா பார்த்தது இது. அளவு பூஜ்யம். ஆனால் மணல் ஈரம். கரையிலிருந்து கனத்த டயர்த் தடம் இறங்கியிருக்கிறது, ஏறியிருக்கிறது, வழி நெடுகச் சொட்டிய நீர். எங்கள் பக்கத்தில் விடிகாலை ஆற்றில் டயர்த் தடமும் சொட்டிய நீரும் இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். மணல் திருட்டு. ஈர மணலை அள்ளிக்கொண்டு போகும் லாரி அப்படித்தான் சொட்டிக்கொண்டு போகும்.

அளவைச் சொல்லிவிட்டு அப்பா சைக்கிளில் தடத்தைப் பிடித்துப் போனார். தடம் கரை வழியே சுற்றிப்போய்ப் பாலத்தடி இட்லிக்கடைக்குப் பின்னால் முடிந்தது. அங்கே ஒரு தண்ணீர் லாரி நின்றது. டயரெல்லாம் ஆற்று மணல். தண்ணீர் லாரிக்குள் மணல் கடத்துகிறார்கள், புது உத்தி என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுநர் நாலாவது இட்லியில் இருந்தார். அப்பா லாரியில் ஏறிச் சாவியை உருவிக்கொண்டார்.

"யோவ் பெருசு, என்ன பண்றீங்க?"

"ஆத்துல என்ன வேல ஒனக்கு?"

"தண்ணி ஊத்தப் போனேன்."

"எதுல?"

"ஆத்துல."

"ஆத்துத் தண்ணிய எடுக்கப் போனேன்னு சொன்னாக்கூட ஒரு நாயம் இருக்கு. ஏன்யா, பொய் சொல்றதுன்னு ஆயிப் போச்சு, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லக் கூடாது?"

"சத்தியமாங்க. ஒரு சாரு ஊத்தச் சொன்னாரு."

"பேரு?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

இட்லிக்கடையில் இருந்த எல்லோருக்கும் குற்றம் உறுதியாகிவிட்டது. போலீஸ் வந்தது. தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார்கள். காலி. மணலை இறக்கிவிட்டு வந்திருக்கிறான் என்றார் அப்பா. எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அப்பா காகிதம் வாங்கிப் புகார் எழுதினார். ஆறு நகல்.

செம்மொழி எஸ்.ஐ.யின் காதில் மட்டும் பெயரைச் சொன்னார். ஏழரைக்கு இர்பானுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆணையில் கடைசி வரிதான் பாக்கி. போட்டது போட்டபடி கிளம்பினார். உள்ளே போனால் பெஞ்சின் ஒரு முனையில் செம்மொழி, மறுமுனையில் அப்பா. அப்பா எழுந்து நின்றார்.

"சார், நீங்க எதுக்கு சார் வந்தீங்க, நானே பாத்துக்குறேன். ஆள அமுக்கிட்டேன்."

எஸ்.ஐ. கேட்டார். "சார், இவரு ஒங்க ஆளுங்கிறாரு. இந்த ஓட்டுநரும் ஒங்க ஆளுங்கிறாரு. நீங்க ஆத்துல தண்ணி ஊத்தச் சொன்னீங்களா?"

"ஆமா."

"எதுக்குங்க?"

இர்பான் சொன்னார். சோதனை என்றார். போலி அலை என்றார். கருந்துளை வரைக்கும் போகவேண்டி வந்தது. எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார்.

"ஆத்துலேருந்து எடுத்தா எந்த செக்‌ஷன்னு தெரியும் சார். ஆத்துல ஊத்துனா எதப் போடுறதுன்னு எனக்குத் தெரியல."

பிறகு அப்பாவின் புகாரை இர்பானிடம் நீட்டினார். இர்பான் அதைப் படித்தார். இன்று காலை 5.52-க்கு அளவுகோலுக்கு அருகே சென்றேன். அளவு பூஜ்யம். ஆனால் தளத்தின் வடமேற்கு விரிசலைச் சுற்றி மணல் ஈரம். கையை விட்டபோது முழங்கை வரை ஈரம். நேற்று மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் மணல் காய்ந்து, பெரிய கட்டெறும்புப் புற்று ஒன்று இருந்தது. இன்று புற்று இல்லை. அளவுகோலில் பத்தொன்பதுக்கு நேராகப் புதிதாக ஒரு சேற்றுக்கோடு உள்ளது. அது நேற்று இல்லை.

இர்பான் சேற்றுக்கோடு என்ற இடத்தில் நின்றுவிட்டார். பத்தொன்பது. அவர் மட்டும் அறிந்த எண்.

"சேத்துக்கோட்டப் பாத்தீங்கள்ல. அப்ப ஏன் சைபர்னு சொன்னீங்க?"

"ஆறு மணிக்குத் தண்ணி இல்லயே சார். அஞ்சரைக்கு இருந்துச்சோ என்னமோ, அது எனக்கெப்படித் தெரியும்."

இது தன் மகள் எழுதிய மூன்றாம் பத்தியின் வேலை என்று அப்பாவுக்கு அதன் பிறகுதான் உறைத்தது. கோபப்படவில்லை. "எம் மவ சொன்னத அப்டியே செஞ்சுருக்கீங்க சார்" என்றார். எஸ்.ஐ. பக்கம் திரும்பி, "புனேல இருக்கு" என்றார். செம்மொழியிடம் சாவியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பாதியில் விட்ட இட்லிக்கு ஈடாக வீட்டுக்குக் கூப்பிட்டார்.

வீட்டில் அம்மாவுக்கு வேறு வழக்கு. எங்கள் தெருவில் எட்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை.

"ஒரு லாரி தண்ணி. முழுசா ஒரு லாரி. அத மண்ணுல ஊத்திட்டு, இருக்கா இல்லயான்னு மனுசனப் போய்ப் பாக்கச் சொல்லிருக்காங்க. ஏந்தம்பி, அந்தச் சோதனய எங்க தெருவுல வச்சா ஆவாதா?"

செம்மொழி தலை குனிந்து சாப்பிட்டார். மறுநாள் எங்கள் தெருவுக்கு ஒரு லாரி தண்ணீர் வந்தது. இர்பான் அனுப்பினாரா, செம்மொழியே கொண்டுவந்தாரா என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். உடனே என்னையும் அதே மாதிரி சோதிக்க வேண்டும் என்று ஒருவர் கிளப்பினார். ஐந்நூறு போலி அலைகளை எனக்குத் தெரியாமல் செய்து கொடுத்தார்கள். புடைப்பு இருந்தவற்றில் பாதிக்கு மேல் நான் பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். இயக்குநர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் அப்பாவின் பூஜ்யத்தில் ஈரம், எறும்புப் புற்று, சேற்றுக்கோடு எல்லாம் இருக்கிறது. உன்னுடையதில் பூஜ்யம் மட்டும்தான் இருக்கிறது" என்றார். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். எட்டு மாதம் ஆனது.

அதற்கு முன்பே, ஜூலை ஏழாம் தேதி மாலை, அப்பாவின் ஆணை தயாரானது. இர்பான் அவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, 274 அளவுகளும் உண்மையானவை என ஏற்கப்படுகின்றன. அப்பா நின்றுகொண்டே முழுவதையும் படித்தார்.

"சார், ஒரு திருத்தம்."

"சொல்லுங்க."

"எரநூத்தி எழுவத்தி நாலு மெமோவுல உள்ள கணக்கு. இன்னிக்கிக் காலையோட முந்நூத்திப் பதிமூணு. மிச்சத்துக்கு நாளைக்கி வேற யாராவது கேப்பாங்க."

இர்பான் மதிவதனி அக்காவைத் திருத்தச் சொன்னார். அக்கா கணினியைத் திறந்தார். அது மெதுவாகத் திறந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுக்கு இருபது நிமிடம். சைக்கிள் சாவியைத் தேடினார்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க இளையபெருமாள்."

"வந்து வாங்கிக்குறேன் சார். மணியாவுது."

"நீங்க திரும்பி வர்றப்ப இன்னொண்ணு கூடிரும். பேசாம இப்பவே முந்நூத்திப் பதினாலுன்னு போட்ருவோம்."

அப்பா படியிறங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பாக்கலயே சார்."

போய்விட்டார். மதிவதனி அக்கா எண் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இர்பானும் எழுந்து போகவில்லை. ஆறு அடித்து நாலு நிமிடத்தில் போன் வந்தது. அக்கா எடுத்தார், கேட்டார், வைத்தார். 314 என்று தட்டினார்.